புதன்கிழமை உள்ளே வந்தவன்

சின்னு,

இதை நீ படிக்கிறாய் என்றால் மறுபடியும் உள்ளே வந்திருக்கிறாய். தபாலில் அனுப்பவில்லை, வாட்ஸப்பில் போடவில்லை. நம் பீங்கான் ஷெட்டு கம்ப்யூட்டரில் உன் பெயரில் நீயே உண்டாக்கி வைத்த ஃபோல்டரில்தான் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். ஆபீஸ் அறையில் வசந்தா பில் அடிக்கிற அதே கீபோர்டில், ஒற்றை விரலால், நான்கு நாளாக அடித்தது. ஆவணியில் உன் கல்யாணம். பத்திரிகை வந்துவிட்டது, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் நல்ல வார்த்தையில் ஆரம்பிக்க முடியவில்லை. நீ எனக்குத் துரோகம் செய்தாய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் வரமாட்டேன் என்கிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததிலிருந்து வருகிறேன். அப்போது நீ இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். உன் அப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. நம் ஷெட்டில் மீட்டர் பெட்டிக்குப் பீங்கான் ஃப்யூஸ் கேரியர் வாங்குகிற வியாபாரி புதிதாக ஒரு நிபந்தனை போட்டார். சூளை எத்தனை டிகிரி ஏறியது, எவ்வளவு நேரம் அதே சூட்டில் நின்றது என்று ஒவ்வொரு சூளைக்கும் காகிதம் வேண்டும், காகிதம் இல்லாத சரக்கு வேண்டாம் என்றார். நான் அடுப்புக்கரியும் நோட்டுமாக எழுதிக்கொடுத்ததை அவர் மதிக்கவில்லை. நீ லீவுக்கு வந்தாய். காலேஜில் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரை விருத்தாசலம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். அதில் லினக்ஸ் என்கிற இலவச சாஃப்ட்வேரை ஏற்றினாய். சூளையின் சூடு அளக்கிற கருவியிலிருந்து ஒரு வயரை இழுத்து அதில் சொருகினாய். நிமிஷத்துக்கு ஒரு தடவை அது தானே சூட்டை எழுதிக்கொண்டது. அதைப் பார்த்து நான் அழுதேன், உனக்கு நினைவிருக்கும். ஊர் திரும்பும்போது எனக்காக நாற்பது பக்க நோட்டு ஒன்று எழுதி வைத்துவிட்டுப் போனாய். பத்தாங்கிளாஸோடு நின்ற அம்மாவுக்குப் புரிகிற தமிழில், இங்கிலீஷ் கட்டளைகளை மட்டும் சிவப்பு மையில். முதல் பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்தாய்: நின்று போனால் உடனே ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதே, முதலில் லாக்கைப் படி, நடந்தது எல்லாவற்றையும் அது எழுதி வைத்திருக்கும். அந்த நோட்டை நான் எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குத் தெரியாது. மூலைகள் சுருண்டு, அட்டை போய், இப்போது உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் பழுது ஞாபகம் இருக்கிறதா? தினமும் சாயங்காலம் ஆறரை ஏழுக்குக் கம்ப்யூட்டர் தானாக அணைந்து போகும். காலையில் போட்டால் நன்றாக ஓடும். காற்று கருப்பு அடித்துவிட்டது என்று ஷெட்டில் வேலை பார்க்கிற அஞ்சலை எலுமிச்சம்பழம் கட்டினாள். நீ போனில் லாக் படிக்கச் சொன்னாய். எழுத்துக் கூட்டிப் படித்தேன். சூடு எல்லை மீறிவிட்டது, அணைகிறேன் என்று அது நேராகவே எழுதியிருந்தது. யோசித்துப் பார்த்தால், செய்தவள் அஞ்சலைதான். முப்பது வருஷமாக வேலை முடிந்து கிளம்பும்போது ஈர மண்ணை எல்லாம் பிளாஸ்டிக் பேப்பரால் இறுக்கி மூடிவிட்டுப் போகிற கை அவளுடையது. மண்ணும் காயக்கூடாது, தூசியும் படக்கூடாது. அதே பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரையும் சுற்றி மூடி, ஓரத்தைச் சணலால் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். மூச்சு விட முடியாமல் அது செத்திருக்கிறது. நீ அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாய். அஞ்சலையைக் கூப்பிட்டு போனில் பேசி, அத்தை, அது மண்ணு இல்ல, அதுக்கு வேர்க்கும் என்றாய். அவளும் சிரித்தாள். யாரையும் திட்டாமல் ஒரு பழுதை அன்றைக்குச் சரி செய்தோம். அந்த வருஷங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் சின்னு. வீடு வெறிச்சென்று கிடந்தது, ஆனாலும் இருந்தேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் விளையாட்டாக ஒன்று எழுதியிருந்தாய். ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு பேர் இருந்தால், ஒருவர் திரையில் இன்னொருவர் எழுதலாம். நீ ஹாஸ்டலிலிருந்து நெட் வழியாக உள்ளே வந்து என் திரையில் எழுதுவாய். நான் சரக்கு எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன், நடுவில் குறுக்கே ஒரு வரி வரும்: டீ குடிச்சியாம்மா. நான் தேடித் தேடி அடித்துப் பதில் போடுவேன். போன் இருக்கும்போது எதற்கு இது என்று நான் கேட்டதில்லை. போனில் பேசினால் ஷெட்டே கேட்கும். இது நமக்கு மட்டும். உன்னை சின்னு என்று கூப்பிட உலகத்தில் இரண்டு பேர்தான் இருந்தோம், அதில் ஒருவர் போய்விட்டார். அந்தப் பெயரையே நீ உள்ளே வருகிற பெயராகவும் வைத்துக்கொண்டாய்.

இங்கே என் திருட்டையும் சொல்லிவிடுகிறேன். நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பேசினால் அதிகம். அந்த வருஷம் மூன்று தடவை, நெட் வரவில்லை என்று உனக்குப் போன் செய்தேன். மூன்று தடவையும் பின்னால் இருக்கிற வயரை நான்தான் பிடுங்கினேன். நீ ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாக அடிக்க, ஒரு மணி நேரம் உன் குரல் என் காதில் இருக்கும். கடைசியில், வயரைப் பாரும்மா என்பாய். அட, ஆமாம் கழன்றிருக்கிறது என்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பத்து நாளாக வேறொன்று குடைகிறது. வயர் கழன்றால் அதையும் லாக் எழுதும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நீ லாக் படிக்கிறவன். முதல் ஐந்து நிமிஷத்திலேயே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒரு மணி நேரம் என்னோடு பேசினாயா? அப்படியென்றால் அந்தப் பிள்ளை எங்கே போனான்?

இந்த மாசியில் ஆரம்பித்தது. சூளைக் காகிதத்தில் தேதி இரண்டு வருஷம் பின்னால் விழுந்தது. வியாபாரி ஒரு வண்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பினார். உள்ளே இருக்கிற காசு மாதிரி பாட்டரி போனால் இப்படி ஆகும் என்று உன் நோட்டில் இருந்தது. கடைவீதிக்குப் போய் வாங்கி நானே மாற்றினேன். மறுபடியும் தேதி பிசகியது. நேரத்தை நெட்டில் பார்த்துத் தானே சரிசெய்துகொள்கிற வசதியை யாரோ நிறுத்தியிருந்தார்கள். தேடிக் கண்டுபிடித்து மறுபடி போட்டேன். பெருமை தாங்காமல் உனக்குப் போன் செய்தேன். நீ, ம், என்றாய். பங்குனியில் சூளை பாதி ஏறும்போது பதிவு நின்றுவிட்டது. இடமில்லை என்றது கம்ப்யூட்டர். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக இறங்கிப் போனேன். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து மறைத்த ஒரு கோப்பு, யானை மாதிரி படுத்திருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் பூஜ்யம். அழித்தேன். அடுத்த வாரம் மறுபடி முளைத்தது. சித்திரையில் கரண்ட் போய் வந்ததும் சூடு பதிகிற வேலை தானாகத் தொடங்கவில்லை. தொடங்க வேண்டாம் என்று யாரோ அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் நான் சரி செய்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதும் பார், அப்புறம் அடுத்தது. நீ எழுதியதுதான். உன் நோட்டை வைத்துத்தான் உன்னை எதிர்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு தடவையும் உனக்குச் சொன்னேன். நீ ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டைப் பாடினாய்.

"அது கெழடாயிடுச்சும்மா. எத்தினி நாளைக்கு இத்தக் கட்டிக்கினு கெடப்ப? வுட்டுடும்மா. ஷெட்ட மூடிட்டு இங்க வந்துடு."

அந்தக் குரலில் எத்தனை பரிவு இருந்தது. போனை வைத்த பிறகும் அதை நினைத்து நினைத்து மனம் இளகிப்போனேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இனி வசந்தாவுக்கு வருகிறேன். பதினோரு வருஷமாக ஆபீஸ் அறையைப் பார்த்துக்கொள்கிறவள். கம்மாபுரத்திலிருந்து தினமும் வண்டியில் வருகிறாள். உன் பிளஸ் டூ பரீட்சைக்கு எனக்குக் காய்ச்சல் என்று உனக்குச் சோறு கட்டிக்கொண்டு போனவள். அந்த மறைத்த கோப்பு இரண்டாம் தடவை முளைத்தபோது, இது யாரோ கையால் செய்த வேலை என்று எனக்குப் பட்டது. அந்த அறையில் இருப்பது நானும் அவளும்தான். உன்னிடம்தான் கேட்டேன். வசந்தா ஏதாவது செய்திருப்பாளோ, வேறு ஷெட்டுக்காரன் யாராவது அவளைப் பிடித்திருப்பானோ என்று கேட்டேன். நீ, "இருக்கலாம்மா" என்றாய்.

அந்த ஒரு வார்த்தையை நான் மன்னிக்கவில்லை. கோப்பு போட்டதை மன்னிப்பேனோ என்னவோ, தேதியை மாற்றியதையும் மன்னிப்பேனோ என்னவோ. இதை மன்னிக்க எனக்குத் தெரியவில்லை. அந்த வார்த்தையை நம்பித்தான் சித்திரையில் அஞ்சலைக்கும் மற்ற பெண்களுக்கும் முன்னால் வசந்தாவைக் கேட்டேன். உண்ட வீட்டுக்கு இப்படிச் செய்யலாமா என்றே கேட்டேன். அவள் மேசை டிராயர் சாவியைக் கழற்றி வைத்தாள், சீப்பும் டிபன் டப்பாவும் எடுத்துப் பையில் போட்டாள், போய்விட்டாள்.

அவள் போய் மூன்று வாரம் கழித்து வைகாசியில் நாலாவது பழுது வந்தது. சூளைப் பதிவு வைக்கிற ஃபோல்டரில் எழுத எனக்கு அனுமதி இல்லை என்றது கம்ப்யூட்டர். ஃபோல்டர் வேறு யாருக்கோ சொந்தம் என்று மாறியிருந்தது. அறையில் நான் மட்டும்தான். மறுபடி உன் நோட்டை எடுத்தேன். எது உடைந்தது என்று கேட்பதற்கு முன்னால் கடைசியாக எது மாறியது, எப்போது மாறியது என்று கேள். பன்னிரண்டாம் பக்கம். கேட்டேன். புதன்கிழமை காலை பத்து நாற்பத்தேழு என்றது. புதன்கிழமை சூளைக் கதவைத் திறக்கிற நாள். பத்து மணிக்குத் திறந்தால் பதினொன்றரை வரை தட்டு இறக்குவோம். ஷெட்டில் இருக்கிற ஒவ்வொரு கையும் சூளை வாசலில் இருக்கும், ஆபீஸ் அறையில் ஈ காக்கா இருக்காது. இது வெளியாருக்குத் தெரியாது. இந்த ஷெட்டில் வளர்ந்தவனுக்குத் தெரியும்.

யார் உள்ளே வந்தது, எதையும் மாற்றக்கூடிய எஜமானன் அதிகாரத்தில் என்ன கட்டளை போட்டது என்று எழுதுகிற லாக் ஒன்று தனியாக இருக்கிறது என்று முப்பத்தோராம் பக்கத்தில் எழுதியிருந்தாய். இது உனக்குத் தேவைப்படாதும்மா என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு. தேவைப்பட்டது. பத்து நாற்பத்து நாலுக்கு சின்னு உள்ளே வந்திருந்தான். பத்து நாற்பத்தேழுக்குக் கட்டளை. பத்து நாற்பத்தெட்டுக்கு வெளியே போயிருந்தான். ஒரு வருஷத்து லாக் அழியாமல் இருக்கட்டும் என்று நீதான் ஆரம்பத்தில் வைத்தாய், அதனால் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். சித்திரை, பங்குனி, மாசி. எல்லாம் புதன்கிழமை. எல்லாம் பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில். உன் ஆபீஸில் அது டீ நேரம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு செய்தாயா?

உள்ளே வந்த தடத்தை அழிப்பது உனக்குத் தெரியாத வேலை இல்லை. ஊர் உலகத்துக் கம்பெனி சர்வரெல்லாம் பார்க்கிறவன். ஏன் அழிக்கவில்லை? அம்மா அந்தப் பக்கம் வரைக்கும் வரமாட்டாள் என்று நினைத்தாயா, இல்லை வரட்டும் என்று விட்டாயா? இரண்டில் எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் வலிக்கிறது.

மறுநாளே பஸ் ஏறிக் கம்மாபுரம் போனேன். வசந்தா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாங்கக்கா என்றாள், நாற்காலி எடுத்துப் போட்டாள். எதையும் மறைக்கவில்லை. என் பிள்ளைதான் செய்தான், நான்தான் உன்மேல் பழி போட்டுவிட்டேன் என்றேன். காலில் விழாத குறை. அவள் சந்தோஷப்படுவாள், இல்லாவிட்டால் என்னைத் திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்தேன். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அவர்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிற பட்டியலில் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும்.

"எங்க நெலத்த எடுக்க வந்தவங்ககூட நோட்டீசு குடுத்துட்டுத்தாங்க்கா வந்தாங்க" என்றாள். "பெத்தவளுக்கு ஒரு நோட்டீசு குடுக்கலியே அந்தப் புள்ள."

அடுத்த திங்கள்கிழமை வேலைக்கு வந்துவிட்டாள். டிராயர் சாவியைக் கொடுத்தேன், வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஆனால் முன்பெல்லாம் மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாள், இப்போது அஞ்சலையோடு போய் உட்காருகிறாள்.

ஏன் செய்தாய் என்று தெரியாத முட்டாள் இல்லை நான். பொங்கலுக்கு வந்தபோது பீரோவில் புடவைக்கு அடியில் இருந்த எக்ஸ்ரே உறையைப் பார்த்துவிட்டாய். நான் வைத்தது உறையின் வாய்ப்பக்கம் சுவரைப் பார்க்க, நீ போன பிறகு அது கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீயாகக் கேட்பாய் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். நெஞ்சில் தூசி படிந்திருக்கிறது, இனிமேல் மண் தூளில் நிற்கக்கூடாது என்று ஐப்பசியிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். நான் உன்னிடம் சளி என்றேன். முதலில் மறைத்தவள் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். உனக்குப் பயம். அப்பாவைப் போல நானும் போய்விடுவேன் என்று பயம். அம்மாவிடம் நேராகச் சொன்னால் கேட்கமாட்டாள், அவளாகவே அலுத்துப் போய் விட்டுவிட வேண்டும் என்று கணக்குப் போட்டாய். சூளையை இடிக்க உனக்கு மனசு வரவில்லை, அதனால் நீ கட்டியதையே நீ உடைத்தாய். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்தும் கோபம் அடங்கவில்லை. பாசத்தில் செய்தான் என்று உன் மாமா சொல்லக்கூடும். பாசத்தில் செய்தவன் வசந்தா தலையில் ஏன் கட்டினான்?

கண்டுபிடித்ததை உனக்குச் சொல்லவில்லை. நீயாகச் சொல்வாய் என்று ஆனி முழுக்கக் காத்திருந்தேன். போனில் மண்டபம் பேசினாய், சமையல்காரர் பேசினாய், தேன்மொழிக்கு எந்த நிறப் புடவை என்று கேட்டாய். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஆடி பிறந்து முதல் புதன்கிழமை, சூளைக் கதவைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஆபீஸ் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். லாக்கில் புதிதாக விழுகிற வரி உடனே தெரிகிற மாதிரி போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரமாட்டாய் என்று ஒரு நப்பாசை. பத்து நாற்பத்தொன்றுக்கு உன் பெயர் விழுந்தது. என் பிள்ளை திருடன் மாதிரி என் வீட்டுக்குள் கால் வைப்பதைக் கண்ணால் பார்த்தேன். நீ எதையோ அடிக்கத் தொடங்குவதற்குள், நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற கட்டளையைப் போட்டேன். திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். கை அதை அடிக்கவில்லை. சாப்டியா சின்னு என்று அடித்துவிட்டது.

உன் திரையில் அது வந்திருக்கும். ஒரு நிமிஷத்தில் சின்னு வெளியே போனான் என்று லாக் எழுதியது. அவ்வளவுதான். போன புதன்கிழமையும் நீ உள்ளே வரவில்லை, இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. மாமாவுக்குப் போன் செய்கிறாய், மண்டபக்காரருக்குப் போன் செய்கிறாய். எனக்கு இல்லை.

தேன்மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் நிச்சயத்தன்று என்னிடம், தான் இரவு பகல் மாறிமாறி வருகிற ஆஸ்பத்திரி வேலையை விடப்போவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான். நாளைக்கு அந்த வேலை அவள் உடம்புக்கு ஆகவில்லை என்று உனக்குப் படலாம். அப்போது என்ன செய்வாய்? அவள் வண்டியின் காற்றைப் பிடுங்கி வைப்பாயா? அவளுக்கு வருகிற போனை எடுத்து, அவள் இல்லை என்பாயா? அப்புறம் அவள் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து, விட்டுடும்மா என்று தலையைத் தடவுவாயா? உன்னால் அது முடியும் என்று இந்த ஆறு மாதத்தில் தெரிந்துகொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன். அவளிடம் சண்டை போடு. சாப்பிடாமல் கிட, கத்து, அவள் அப்பாவைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வை. எதுவும் பரவாயில்லை. அவள் கட்டியதை அவள் பார்க்காத நேரத்தில் கழற்றாதே. கழற்றிவிட்டு, இருக்கலாம் என்று இன்னொருவரைக் கைகாட்டாதே. என்னைப் போல அவளுக்கு நாற்பது பக்க நோட்டு இருக்காது. கடைசிவரை தன்னையே குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஷெட்டை மூடவேண்டும் என்றால் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல். மூடுகிறேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. தூள் அரைக்கிற பக்கம் நான் போவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது, அங்கே நிற்கிற பெண்களுக்கும் நல்ல முகமூடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மற்றதை உட்கார்ந்து பேசலாம். எக்ஸ்ரேயைப் போனில் படம் பிடித்து, டாக்டர் சீட்டோடு சேர்த்து, இந்தக் கடிதத்துக்குப் பக்கத்திலேயே உன் ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். இனி என் பக்கம் மறைக்க ஒன்றும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் ஒன்றை மட்டும் பெயர் எழுதாமல் எடுத்து வைத்திருக்கிறேன். அது வசந்தா வீட்டுக்கு. நீ வந்து, உன் கையால் பெயர் எழுதி, கம்மாபுரம் போய், அவள் வாசலில் நின்று கொடுக்க வேண்டும். என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லித் தரமாட்டேன். நீ அதைக் கொடுக்காமல் நான் மணவறைக்கு வந்து நிற்கப்போவதில்லை.

நீ கம்ப்யூட்டருக்குள் வருகிற சாவியை அழித்துவிடு, பாஸ்வேர்டை மாற்று என்று வசந்தா சொன்னாள். நான் செய்யவில்லை. வேறொன்று செய்தேன். எஜமானன் அதிகாரம் உள்ளவர்கள் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டேன். எப்படி என்று இருபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. இனிமேல் நீ எந்த நேரமும் உள்ளே வரலாம். சூளை எவ்வளவு ஏறியது என்று பார்க்கலாம், என் எழுத்தைப் படிக்கலாம், உன் ஃபோல்டரில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். என்னுடைய எதையும் மாற்ற முடியாது. பத்தொன்பது வயதில் நீ எழுதிக் கொடுத்ததைப் படித்துத்தான் இதைச் செய்தேன். சரியாகச் செய்திருக்கிறேனா என்று வந்து பார்.

வரும் புதன்கிழமை சூளையை வசந்தாவும் அஞ்சலையும் பார்த்துக்கொள்வார்கள். பத்தரைக்கு நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். அதற்கு அடுத்த புதனும் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு நான் உன்னை ஒன்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

சாப்டியா?

அம்மா